பொது நிர்வாகவியல்: அந்த 'இயல்' எப்போது ஒட்டிக்கொண்டது?

ஜூன் 4, காலை 7.15 – கேள்வி

"பொது நிர்வாகம் தனித் துறையே இல்லை என்பது என் கட்சி. அரசியல் அறிவியலில் வெட்டியது கொஞ்சம், மேலாண்மையில் வெட்டியது கொஞ்சம், இரண்டையும் சேர்த்து ஒட்டுப்போட்ட சட்டை. 1887இல் உட்ரோ வில்சன் ஒரு கட்டுரை எழுதினார், துறை பிறந்தது என்கிறார்கள். ஒரு கட்டுரையில் துறை பிறக்குமா? பிறந்தது நிஜம் என்றால் இத்தனை வருடம் கழித்தும் 'நான் யார்' என்று ஏன் கேட்டுக்கொண்டே இருக்கிறது? படித்தவர்கள் சொல்லுங்கள்."

ஜூன் 4, இரவு 9.40

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு மூன்று பக்கம். இந்தப் பாடத்தை முதுகலையில் படித்தேன். பதினோரு வருடம் ஓர் அலுவலகத்தில் கோப்பு தள்ளினேன். அப்புறம் சில வருடம் பகுதிநேரமாக இதையே நடத்தினேன். அதனால் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சந்தேகம் பாதி சரி. வில்சன் கட்டுரை 1887 ஜூனில் ஓர் அரசியல் அறிவியல் காலாண்டிதழில் வந்தது. அப்போது அவருக்கு முப்பது வயது, பிரின் மார் கல்லூரியில் ஆசிரியர். அதற்கு முந்தைய நவம்பரில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேசிய பேச்சைத்தான் கட்டுரை ஆக்கினார். இதுதான் துறையின் பிறப்புச் சான்றிதழ் என்று பாடநூல்கள் சொல்லும். ஆனால் பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போன பிறகு வாங்கிய சான்றிதழ் அது. பால் வான் ரைப்பர் என்ற ஆய்வாளர் 1980களில் உட்கார்ந்து தேடிப் பார்த்தார். 1890இலிருந்து முதல் உலகப் போர் வரை வந்த முக்கியமான நூல்களில் இந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்? ஒருவரும் இல்லை. 1941இல் அதே இதழ் அதை மறுபடி அச்சிட்டது. அதற்குப் பிறகுதான் 'தந்தை' பட்டம் நிலைத்தது. நடுவில் அவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவராகவும் இருந்துவிட்டாரே. அப்படிப்பட்டவரைத் தகப்பன் என்று சொல்லிக்கொள்ள எந்தக் குடும்பத்துக்குக் கசக்கும்?

வில்சன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: அரசியல் ஒரு பக்கம், நிர்வாகம் ஒரு பக்கம், நடுவில் சுவர். அந்தச் சுவர் பொய் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை அப்புறம் சொல்கிறேன்.

ஜூன் 5, காலை 6.50

நேற்று தூக்கக் கலக்கத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. ஆங்கிலத்தில் இந்தத் துறைக்கும் அந்த வேலைக்கும் ஒரே பெயர். துறை என்றால் பெரிய எழுத்தில் தொடங்குவார்கள், வேலை என்றால் சின்ன எழுத்து. நமக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது, ஆனால் 'இயல்' இருக்கிறது. கோப்பு நகர்வது பொது நிர்வாகம். கோப்பு ஏன் நகரவில்லை என்று கட்டுரை எழுதுவது பொது நிர்வாகவியல். ஆக, உங்கள் கேள்வியைத் தமிழில் கேட்டால்: அந்த 'இயல்' எப்போது ஒட்டியது, ஒட்டியது நின்றதா?

ஜூன் 5, இரவு 10.05

குறள் இருக்கும்போது வில்சன் எதற்கு என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். தெரிந்துவினையாடல் அதிகாரத்தில், இந்த வேலையை இந்த வழியில் இவன் முடிப்பான் என்று ஆராய்ந்து அதை அவனிடமே விட்டுவிடு என்று வருகிறதே, அதிகாரப் பகிர்வைப் பற்றி அதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை. அதிலும் 'விடல்' என்ற கடைசிச் சொல். என் மேலதிகாரிகளில் பலருக்கு அந்த ஒரு சொல்தான் வராது. கொடுப்பார்கள், விடமாட்டார்கள்.

ஆனால் நல்ல அறிவுரை இருப்பது வேறு, துறை இருப்பது வேறு. துறை என்றால் பல்கலைக்கழகத்தில் நாற்காலி வேண்டும், தேர்வு வேண்டும், இதழ் வேண்டும். முக்கியமாக, ஒருவர் எழுதியதை இன்னொருவர் கிழித்துத் தொங்கப்போட வேண்டும். இந்த அளவுகோலை வைத்தால் போட்டியில் முந்துவது பிரஷ்யா. 1727இல் மன்னர் முதலாம் பிரெடரிக் வில்லியம் ஹாலே, ஓடர் நதிக்கரை பிராங்க்பர்ட் ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே பேராசிரியர் பதவிகளை உருவாக்கினார். கேமரலியம் என்று பெயர். 'கேமரா' என்றதும் படம் எடுப்பது நினைவுக்கு வரும். இது மன்னரின் கருவூல அறை. வரி, காடு, சுரங்கம், வேளாண்மை, ஊர் ஒழுங்கு எல்லாம் பாடம். யுஸ்டி என்பவர் பாடநூல்களே எழுதினார். வில்சனுக்கு 160 வருடம் முன்னால்!

அப்புறம் அது என்ன ஆயிற்று? பத்தொன்பதாம் நூற்றாண்டில் சட்டத்துறைக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அரசு எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது முதல் கேள்வியானது. எப்படி நன்றாகச் செய்வது என்பது பின்வரிசைக்குப் போனது. ஜெர்மனியில் அந்த 'இயல்' நிர்வாகச் சட்டத்துக்குள் கரைந்தது. பிரான்சில் ஷார்ல் ஜான் போனன் 1808 முதலே பொது நிர்வாகத்தின் கொள்கைகள் என்று எழுதத் தொடங்கியிருந்தார். அவரை இன்று தேர்வுக்குப் படிப்பவர்களில் நூற்றில் ஒருவர் கேள்விப்பட்டிருந்தால் அதிகம். 1887 என்பது அமெரிக்கப் பிறந்தநாள். நாம் எல்லோரும் சேர்ந்து கொண்டாடுகிறோம்.

வில்சனே இதை மறைக்கவில்லை. இந்த அறிவியல் ஐரோப்பியர்களுடையது, நாம் கடன் வாங்க வேண்டும் என்றார். கொலைகாரன் ஒருவன் கத்தியைத் திறமையாகத் தீட்டினால், தீட்டும் முறையை மட்டும் கற்றுக்கொள்ளலாம், கொலை எண்ணத்தை வாங்க வேண்டியதில்லை என்று உவமை சொன்னார். முடியாட்சி வளர்த்த கலையைக் குடியாட்சிக்குக் கொண்டுவர இதுதான் சமாதானம். முதலில் படித்தபோது ரசித்தேன். இப்போது, தீட்டும் முறையோடு வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்துவிடாதா என்று தோன்றுகிறது.

ஜூன் 7, மாலை 5.30

சரி, தகப்பன் கதை போதும். அமெரிக்காவில் இந்தப் பிள்ளையை வளர்த்தது யார்?

முதலில் ஒரு துப்பாக்கிக் குண்டு. 1881இல் அதிபர் கார்பீல்டைச் சுட்டவன், பதவி கேட்டு அலைந்து கிடைக்காதவன். கட்சிக்கு உழைத்தவனுக்கு அரசு வேலை என்ற ஏற்பாட்டின் மேல் இருந்த கோபம் அதில் பொங்கியது. 1883இல் தகுதித் தேர்வு வைக்கும் பெண்டில்டன் சட்டம் வந்தது. வில்சன் எழுதியது இந்தச் சூட்டில்தான்.

அப்புறம் தெருக்கள். 1906இல் நியூயார்க்கில் மாநகர ஆய்வு அமைப்பு ஒன்று தொடங்கியது. அவர்கள் தத்துவம் பேசவில்லை. தெருப் பராமரிப்புக்கு எவ்வளவு செலவு என்று கணக்கில் இருக்கிறது, தெருவில் போய்ப் பார்த்தால் என்ன இருக்கிறது என்று ஒப்பிட்டார்கள். மன்ஹாட்டன் பகுதித் தலைவர் கடைசியில் பதவி இழந்தார். மாநகர வரவுசெலவைப் பொதுமக்கள் வந்து பார்க்கும்படி கண்காட்சியே வைத்தார்கள். 1911இல் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். 1924இல் சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ்வெல் பள்ளி வந்தபோது அந்தப் பயிற்சி அங்கே போய்ச் சேர்ந்தது. தணிக்கைக்காரனின் நோட்டுப் புத்தகத்திலிருந்து வகுப்பறைக்கு வந்த துறை இது. என் கணக்கில் 'இயல்' ஒட்டிய இடம் அதுதான்.

இங்கே பாடநூல்கள் விட்டுவிடும் ஒருவர்: ஜேன் ஆடம்ஸ். 1889இல் சிகாகோவில் ஹல் ஹவுஸ் என்ற, ஏழைகள் நடுவே தங்கி உதவும் குடியிருப்பு மையத்தைத் தொடங்கியவர். சுற்றுப்புறத்தில் குப்பை அள்ளாமல் கிடந்ததால் 1895இல் தானே அந்த வார்டின் குப்பை ஆய்வாளராகப் பதவி வாங்கிக்கொண்டு, விடியலில் வண்டிகளின் பின்னால் போனார். கமிலா ஸ்டிவர்ஸ் 2000இல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் வாதம் இது: நகரச் சீர்திருத்தத்தில் ஆண்களின் ஆய்வு அமைப்புகளும் இருந்தன, பெண்களின் குடியிருப்பு மையங்களும் இருந்தன. ஆண்கள் நகரத்தை நிறுவனமாகப் பார்த்தார்கள், பெண்கள் வீடாகப் பார்த்தார்கள். துறை முதல் பார்வையை எடுத்துக்கொண்டு இரண்டாவதைச் சமூகப் பணி என்று பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டது. நான் பாடம் நடத்திய காலம் முழுக்க ஆடம்ஸ் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. எனக்கே தெரியாது, எப்படிச் சொல்வேன்.

ஜூன் 8, காலை 8.20

திருத்தம். 4ஆம் தேதி "வில்சன் சொன்னது ஒன்றே ஒன்றுதான், நடுவில் சுவர்" என்று அளந்துவிட்டேன். ஒருவர் மூலக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பேசும்படி சொன்னார். வலித்தது, படித்தேன்.

அவர் சொன்னது சரி. நிர்வாகம் அரசியலின் அன்றாட இழுபறிக்கு வெளியே என்று வில்சன் எழுதுகிறார், உண்மை. ஆனால் அதிகாரிக்குப் பெரிய அதிகாரமும் தாராளமான விருப்புரிமையும் வேண்டும், அப்போதுதான் யார் பொறுப்பு என்று தெரியும் என்றும் எழுதுகிறார். சுவருக்குப் பின்னால் சொன்னதைச் செய்யும் இயந்திரத்தை அவர் உட்கார வைக்கவில்லை. அடுத்து, 1900இல் நூல் எழுதிய பிராங்க் குட்னோவைத்தான் சுவர் கட்டிய குற்றவாளியாகப் பிடிப்பார்கள்; அரசின் விருப்பத்தைச் சொல்வது அரசியல், அதை நிறைவேற்றுவது நிர்வாகம் என்றார். அவரும் இரண்டையும் தனித்தனி அமைப்புகளுக்கு முழுதாகப் பிரித்துக் கொடுக்க முடியாது என்று அதே நூலில் சொல்லிவிடுகிறார். சுவர் கட்டியவர் யார் என்று தேடினால், சுவரை இடிக்க வந்தவர்கள்தான் அதை இவ்வளவு உயரமாக வரைந்திருக்கிறார்கள். எதிரி பலசாலியாக இருந்தால்தானே வெற்றிக்கு மதிப்பு.

இப்போது என் முதல் வருடக் கதை. விண்ணப்பங்கள் வரும் பிரிவு. குறைபாடுள்ள விண்ணப்பத்தைத் 'தக்க வாய்ப்பளித்து' முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. தக்க வாய்ப்பு என்றால் என்ன? யாரும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் இருந்த எழுத்தர் இரண்டு அடுக்கு வைத்திருந்தார். ஒரு சான்று குறைந்தால் இடது அடுக்கு, கடிதம் போட்டுக் கேட்பார். இரண்டு குறைந்தால் வலது அடுக்கு, நிராகரிப்பு. நானும் அப்படியே செய்தேன். எட்டு மாதம் கழித்துத்தான் உறைத்தது: அந்த 'இரண்டு' எந்த விதியிலும் இல்லை. சட்டமன்றம் போடவில்லை, அமைச்சர் போடவில்லை. மேசையின் அகலம் போட்டது. அதன்படி எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்களோ.

மைக்கேல் லிப்ஸ்கி 1980இல் தெருமட்ட அதிகாரிகளைப் பற்றி எழுதியதை அதற்கப்புறம் படித்தேன். ஆசிரியர், காவலர், நலத்துறை எழுத்தர் போன்றவர்கள் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகள் சேர்ந்ததுதான் மக்கள் கண்ணில் படும் கொள்கை என்கிறார். அந்தப் பக்கத்தில் என் வலது அடுக்கு இருந்தது.

ஜூன் 9, இரவு 11.15

1926க்கு வருவோம். லியனார்ட் ஒயிட் முதல் பாடநூல் எழுதினார். நிர்வாகம் மத்தியில், மாநிலத்தில், நகரத்தில் எங்கும் ஒரே செயல்முறை. அதைப் படிக்கத் தொடங்க வேண்டிய இடம் சட்டம் இல்லை, மேலாண்மை. இன்றைக்குக் கலை, ஆனால் அறிவியலாக மாறிவருகிறது. முன்னுரையிலேயே இவ்வளவும் வந்துவிடும். அடுத்த வருடம் வில்லபி என்பவரின் பாடநூல். 1937இல் லூதர் குலிக்கும் லிண்டால் அர்விக்கும் தொகுத்த கட்டுரைத் தொகுப்பு. அதில்தான் ஏழு வேலைகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த அந்தப் புகழ்பெற்ற போஸ்ட்கார்ப்: திட்டமிடல், அமைத்தல், பணியமர்த்தல், இயக்குதல், ஒருங்கிணைத்தல், அறிக்கையிடல், வரவுசெலவு. சொல்லை உருவாக்கியவர் குலிக். பலர் இருவருக்கும் பங்கு போடுகிறார்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் இதைத் தமிழ் முதலெழுத்துகளில் சுருக்கிப் பார்த்தேன்: 'திஅபஇஒஅவ'. வாய்க்குள் நுழையவில்லை. அந்த வகையில் குலிக் கெட்டிக்காரர்.

ஏழிலும் 'கேட்டல்' இல்லை என்று வகுப்பில் நக்கலடிப்பேன். மாணவர்கள் சிரிப்பார்கள். அது அநியாயம் என்று இப்போது தோன்றுகிறது. குலிக் விவரித்தது தலைமை நிர்வாகியின் வேலையை; அதே 1937இல் அவரும் சேர்ந்திருந்த பிரவுன்லோ குழு, அமெரிக்க அதிபருக்கு உதவி தேவை என்று அறிக்கை கொடுத்தது. 1939இல் அதிபரின் நிர்வாக அலுவலகம் உருவானது. அந்தத் தொகுப்பையும் இயந்திரக் கோட்பாட்டின் வேதம் என்று சொல்லிச் சொல்லியே நான் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் உள்ளே மனித உறவுகளைப் பேசிய மேரி பார்க்கர் பாலெட் இருக்கிறார், தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் நடந்த ஹாதார்ன் ஆய்வு பற்றிய கட்டுரை இருக்கிறது. மனித உறவுக் கோட்பாடு வந்து பழைய கோட்பாட்டை வீழ்த்தியது என்று பாடம் நடத்துகிறோம். வீழ்த்தியவரும் வீழ்ந்தவரும் ஒரே அட்டைக்குள் இருந்திருக்கிறார்கள்.

ஜூன் 11, மதியம் 2.00

இந்தத் துறையில் எனக்குப் பிடித்த சண்டை. 1946இல் ஹெர்பர்ட் சைமன் ஒரு கட்டுரை எழுதினார்: நிர்வாகக் கொள்கைகள் என்று நீங்கள் சொல்பவை எல்லாம் பழமொழிகள். பழமொழியின் சிக்கல் என்ன? எதிர்ப் பழமொழியும் கையிருப்பில் இருக்கும். பதறாத காரியம் சிதறாது. சரிதான். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள். அதுவும் சரிதான். எப்போது எது என்று மட்டும் எந்தப் பழமொழியும் சொல்லாது. ஒரு மேலதிகாரிக்குக் கீழே சிலர் மட்டுமே இருக்க வேண்டும் என்பது ஒரு கொள்கை. மேலிருந்து கீழ்வரை அடுக்குகள் குறைவாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் இடத்தில் இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்வது?

அலுவலகத்தில் இதை நாங்கள் கையால் தொட்டோம். ஒரு வருடம் கண்காணிப்பு போதவில்லை என்று நடுவில் ஓர் அடுக்கு கூட்டினார்கள். மூன்று வருடத்தில் கோப்பு தாமதமாகிறது என்று அதே அடுக்கை எடுத்தார்கள். இரண்டு உத்தரவுக்கும் வரைவு எழுதியவன் நான். இரண்டிலும் 'நிர்வாக நலன் கருதி' என்றே தொடங்கியிருந்தேன்.

சைமன் வெறும் வகுப்பறை ஆள் இல்லை. 1935இல், பத்தொன்பது வயதில், மில்வாக்கி நகரத்தின் விளையாட்டுத் திடல்களை ஆராயப் போனார். திடலைப் பராமரிப்பது பொதுப்பணித் துறை, விளையாட்டை நடத்துவது பள்ளி வாரியம். பணத்தைத் திடலுக்குச் செலவழிப்பதா, நடத்துநர்களுக்கா என்று இரு தரப்பும் மோதிக்கொண்டன. பொருளாதாரப் பாடப்படி கூடுதல் செலவின் பயனை இரண்டு பக்கமும் ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டும். யாரும் அப்படி யோசிக்கவே இல்லை. அவரவர் துறையின் கண்ணில் பட்டதுதான் அவரவருக்கு உலகம். மனிதனின் பகுத்தறிவுக்கு எல்லை உண்டு என்ற அவருடைய கருத்துக்கு விதை அங்கே. 1947இல் நிர்வாக நடத்தை பற்றிய அவர் நூல் வந்தது. 1978இல் பொருளாதார நோபல். உங்கள் 'ஒட்டுப்போட்ட சட்டை'யிலிருந்து ஒரு நூலை உருவிக்கொண்டு போய் இன்னொரு துறை நோபல் வாங்கியிருக்கிறது, கவனிக்கவும்.

எதிர்ப்பக்கம் டுவைட் வால்டோ. 1948இல் வந்த அவர் நூல், திறன் திறன் என்று நீங்கள் சொல்வதற்குப் பின்னால் ஓர் அரசியல் தத்துவம் ஒளிந்திருக்கிறது, யாருக்காகத் திறன் என்று கேட்காமல் அதை எப்படி அளப்பீர்கள் என்றது. 1952இல் இருவரும் அமெரிக்க அரசியல் அறிவியல் இதழில் நேருக்கு நேர் மோதினார்கள். வால்டோ போன்றவர்கள் உருவகமும் இலக்கிய நடையுமாகத் தளர்வாக எழுதுகிறார்கள், இதில் தர்க்கம் எங்கே என்று சைமன் சீறினார். படிக்கும் வயதில் நான் சைமன் கட்சி. கோப்பு தள்ளிய வயதில் வால்டோ கட்சி. இப்போது, இருவரில் யாரை மேலதிகாரியாக வைத்துக்கொள்ளலாம் என்று யோசித்தால் வால்டோவை. யாரைத் தணிக்கைக்கு அனுப்பலாம் என்றால் சைமனை.

ஜூன் 12, காலை 7.00

தேர்வுக்குப் படிக்கும் ஒருவர் கேட்கிறார்: "அண்ணா, இதெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவது?" அட, அந்த ஐந்து கட்டம்! நாளை எழுதுகிறேன்.

ஜூன் 15, இரவு 9.10

'நாளை' மூன்று நாளானது. நிர்வாகத்தில் இது சகஜம்.

நிக்கோலஸ் ஹென்றி 1975இல் துறையின் வரலாற்றை ஐந்து கருத்துச் சட்டகங்களாகப் பிரித்தார். அரசியல்-நிர்வாகப் பிரிவினை 1900–1926, கொள்கைகள் காலம் 1927–1937, அப்புறம் அரசியல் அறிவியலாக, மேலாண்மையாக, கடைசியில் 1970 முதல் பொது நிர்வாகமாகவே. நான் இதைத் தலைகீழாகச் சொல்வேன். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். தம்பி, நீங்களும் எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம். ஆனால் மூன்றாவது கட்டமும் நான்காவது கட்டமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடப்பதைக் கவனியுங்கள். 1950–1970 ஒன்று, 1956–1970 இன்னொன்று. ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டில் வாடகைக்கு இருந்த காலம். ஓர் இடத்தில் அரசியல் அறிவியல்காரர்கள் இரண்டாந்தரமாக நடத்தினார்கள், மற்ற இடத்தில் வணிகப் பள்ளிக்காரர்கள் 'பொது' என்ற சொல்லையே கழற்றப் பார்த்தார்கள்.

கட்டம் கட்டுவதில் இன்னொரு ஏமாற்று. அட்டவணையில் ஜெர்மன் சமூகவியலாளர் வெபர், அமெரிக்கப் பொறியாளர் டெய்லர், பிரெஞ்சுச் சுரங்க நிர்வாகி பேயோல், நம் வில்சன் எல்லோரும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் இருப்பார்கள், ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டதுபோல. வெபர் 1920இல் இறந்தார். விதிப்படி இயங்கும் அதிகார வர்க்கம் பற்றிய அவருடைய எழுத்து ஆங்கிலத்தில் பரவலாகக் கிடைத்தது 1946, 1947இல். ஒயிட்டின் பாடநூலுக்கு இருபது வருடம் கழித்து. பேயோல் 1916இல் பிரெஞ்சில் எழுதியது ஆங்கிலத்தில் எல்லார் கைக்கும் வந்தது 1949இல்தான். 'செவ்வியல் சிந்தனையாளர்கள்' என்று நாம் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பவர்களில் பலர் ஒருவரையொருவர் படித்ததே இல்லை.

ஜூன் 16, காலை 6.30

பிரெட் ரிக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றி ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். ஒரு வரியே தருகிறேன்: தாய்லாந்தையும் பிலிப்பைன்ஸையும் பார்த்துவிட்டு, அமெரிக்கப் பாடநூல் மற்ற நாட்டில் ஏன் செல்லுபடியாகவில்லை என்று 1964இல் பட்டகச் சமுதாயக் கோட்பாடு (பழையதும் புதியதும் கலந்து கிடக்கும் சமுதாயம்) எழுதினார். கேள்வி அருமை. பதிலில் அவர் உருவாக்கிய கலைச்சொற்களை மனப்பாடம் செய்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, அதனால் நியாயமாகப் பேச முடியாது.

ஜூன் 16, இரவு 10.30

1968 செப்டம்பர், மின்னோபுரூக். வியட்நாம் போர், நகரங்களில் கலவரம், அந்த வருடமே இரண்டு படுகொலைகள். வால்டோவுக்குக் கிட்டத்தட்ட 55 வயது. இந்த நேரத்தில் நம் துறை என்ன பேசிக்கொண்டிருக்கிறது என்று வெட்கப்பட்டு, இளைய ஆய்வாளர்களை மட்டும் ஓர் ஏரிக்கரை மாநாட்டு மையத்துக்கு அழைத்தார். திறன், சிக்கனம் இரண்டோடு மூன்றாவதாகச் சமூக நீதியும் வேண்டும், நிர்வாகி நடுநிலை என்று ஒதுங்க முடியாது என்ற பேச்சு அங்கே எழுந்தது. புதிய பொது நிர்வாகம் என்று பெயர் வைத்தார்கள். 1988இலும் 2008இலும் மறுபடி கூடினார்கள். இருபது வருடத்துக்கு ஒருமுறை 'நான் யார்' என்று கேட்க ஊர் கூட்டும் துறை இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த 'நீதி' எனக்கு ஏட்டுச் சுரைக்காயாக இல்லை. வலது அடுக்கைப் பற்றி நான் எட்டாவது மாதம் வெட்கப்பட்டேன் என்றால், அதற்கான சொல்லை முன்பே எனக்குக் கொடுத்தது அந்தப் பாடம். வெட்கப்பட்டுவிட்டு அடுக்கை மாற்றினாயா என்றால், ஆறு வாரம் மாற்றினேன். நிலுவை ஏறியது. 'பேசவும்' என்று கோப்பில் எழுதி வந்தது. போய்ப் பேசினேன். அடுக்கு திரும்பி வந்தது.

ஜூன் 20, மாலை 6.45

நிலுவை என்றதும் அடுத்த அலை. 1980களில் பிரிட்டனும் நியூசிலாந்தும் அரசை நிறுவனம்போல் நடத்தப் புறப்பட்டன. இலக்கு, ஒப்பந்தம், அளவீடு, போட்டி. 1991இல் கிறிஸ்டபர் ஹூட் இதற்குப் புதிய பொது மேலாண்மை என்று பெயர் சூட்டி, இதில் ஏழு கோட்பாடுகள் இருக்கின்றன என்று பிரித்துக் காட்டினார். பெயர் வைத்தவர் பக்தர் என்று பலர் நினைக்கிறார்கள், அவர் விமரிசகர்.

எங்கள் பிரிவுக்கு இது மாதாந்தர எண்ணிக்கையாக வந்து சேர்ந்தது. எத்தனை கோப்பு முடிவு செய்தாய்? மூன்றாவது மாதத்திலேயே வழி கண்டுபிடித்துவிட்டோம். கடினமான கோப்பை 'முடிவு' என்று மூடி, அதே விஷயத்துக்குப் புது எண் போட்டுத் திறந்தோம். ஒரு கோப்பு, இரண்டு சாதனை. எங்கள் பிரிவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. வரைவு நான் எழுதவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

நியூசிலாந்தில் நடந்தது வேடிக்கை இல்லை. 1995 ஏப்ரல் 28 அன்று கேவ் கிரீக்கில், இயற்கைப் பாதுகாப்புத் துறை கட்டிய பார்வை மேடை சரிந்து 14 பேர் இறந்தார்கள். 13 பேர் மாணவர்கள். தகுதியுள்ள பொறியாளர் வடிவமைக்கவில்லை, கட்டட அனுமதி இல்லை. விசாரணை ஆணையம் தனியொருவரைக் குற்றம் சொல்லாமல், வசதியும் ஆளும் போதாத அமைப்பையே காட்டியது. ஒப்பந்தத்தில் எழுதிய வெளியீடுகளுக்கு ஒவ்வொருவரும் பொறுப்பு, எழுதாததற்கு? அமைச்சர் விலக ஓராண்டுக்கு மேல் ஆனது. ஆலன் ஷிக் 1998இல் எழுதினார்: வளரும் நாடுகள் பெரும்பாலானவை நியூசிலாந்தைப் பின்பற்றக்கூடாது. முறைப்படியான விதிகளே இன்னும் வேர்பிடிக்காத இடத்தில் விதிகளைத் தளர்த்தும் சீர்திருத்தத்தை எங்கே வைப்பது என்பது அவர் கேள்வி. வெபரைக் கடக்க வேண்டுமானால் முதலில் வெபரிடம் போய்ச் சேர வேண்டாமா?

இடையில் ஒரு தகவல். போஸ்ட்கார்ப் குலிக் 1993இல், நூறு வயதில் காலமானார். அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர் அரசைச் 'சிக்கனமாக, சிறப்பாக' மாற்றும் அறிக்கை கொடுத்ததும் அதே வருடம். குலிக் அதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே தேநீரை ஆறவிட்டேன்.

ஜூன் 24, இரவு 10.50

முதலிலிருந்து எல்லாவற்றையும் படித்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் மனம் மாறிவிட்டது.

ஒன்று, 7ஆம் தேதி 'இயல்' ஒட்டிய இடம் நியூயார்க் தணிக்கை நோட்டு என்று அடித்துச் சொன்னேன். ஹாலேயிலும் ஒட்டியதுதானே, அப்புறம் உரிந்தது. இந்தத் துறையில் அது ஒட்டுவதும் உரிவதுமாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 1960களின் கடைசியில் கொள்கைப் பள்ளிகள் தனியாக முளைத்தபோது மறுபடி கொஞ்சம் உரிந்தது.

இரண்டு, தகப்பன் விஷயத்தில் கேலியோடு நிறுத்திவிட்டேன். 1913இல் அதிபரான வில்சனின் ஆட்சியில்தான் கூட்டரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைப் பிரித்து உட்காரவைப்பது பரவியது. 2020 ஜூனில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தன் பொதுக்கொள்கைப் பள்ளியிலிருந்து அவர் பெயரை எடுத்தது. நடுநிலை நிர்வாகத்தின் தந்தை. வகுப்பில் அந்த இரண்டையும் சேர்த்து நான் சொன்னதே இல்லை.

இன்னொன்றும், இது வருத்தமில்லாத விஷயம். சட்டத்தில் தொடங்காதே, மேலாண்மையில் தொடங்கு என்ற ஒயிட் கடைசிக் காலத்தில் என்ன செய்தார் தெரியுமா? அமெரிக்க நிர்வாகத்தின் வரலாற்றை நான்கு நூல்களாக எழுதினார். கடைசி நூலுக்குப் புலிட்சர் பரிசு. பழைய கடிதங்களையும் கணக்கு ஏடுகளையும் தோண்டி, பெயர் தெரியாத எழுத்தர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்று எழுதியிருக்கிறார். அறிவியல் ஆகிவருகிறது என்று 1926இல் எழுதிய அதே கை.

ஜூன் 25, காலை 7.30

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: "தனித் துறை இல்லை என்பதை இன்னும் வாபஸ் வாங்கவில்லை. ஒட்டுப்போட்ட சட்டை என்றதை மட்டும் வாங்கிக்கொள்கிறேன்."

வேண்டாம், அதை விட்டுவிடுங்கள். எத்தனை துண்டு, எந்த வருடம், யார் தைத்தது என்று எண்ணத்தான் எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.